தோட்டத்தில் பயன்படாமல் கிடக்கும் நிலத்தடித் தொட்டி: என்ன செய்யலாம்?

வேப்பமரத்து வீடு (நங்கநல்லூர்), ஆகஸ்ட் 17, காலை 7.40

அனைவருக்கும் வணக்கம். நான்கைந்து ஆண்டுகளாக ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தவன், இப்போதுதான் முதல் இழை தொடங்குகிறேன்.

அப்பா 1987இல் கட்டிய வீடு. பின்பக்கம் ஒரு வேம்பு, இரண்டு தென்னை, அம்மாவின் மல்லிகைப் பந்தல். போன ஞாயிற்றுக்கிழமை பந்தலுக்குப் புது கால் நடக் கடப்பாரை போட்டேன். அரை அடி இறங்குவதற்குள் ‘ணங்’ என்று கை அதிர்ந்தது. மண்ணை ஒதுக்கிப் பார்த்தால் சிமென்ட் பலகைகள், வரிசையாக ஐந்து. ஒன்றில் மட்டும் துருப்பிடித்த இரும்பு வளையம். பக்கத்து வீட்டு அண்ணனும் நானும் கம்பி கொடுத்து நெம்பித் திறந்தோம்.

உள்ளே தொட்டி. கைவிளக்கு அடித்து, மூங்கில் கழி விட்டு அளந்ததில் 9 அடி நீளம், 5 அடி அகலம், 6 அடி ஆழம். அடியில் ஒரு சாண் கறுப்புத் தண்ணீர். நடுவில் ஒரு குறுக்குச் சுவர். நாற்றம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அப்பா இப்போது இல்லை. அம்மாவைக் கேட்டால், “அது அந்தக் காலத்துத் தொட்டி, உன் அப்பாதான் மூடினார்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். தண்ணீர் சம்ப் என்று நினைக்கிறேன். 2019 கோடையில் ஒரு லாரித் தண்ணீருக்கு நடுராத்திரி வரை தெருவில் குடத்தோடு நின்றோம்; காலடியில் இப்படி ஒன்று இருந்திருக்கிறது.

வரும் சனிக்கிழமை ஏணி வைத்து இறங்கி நானே சுத்தம் செய்யப்போகிறேன். அதன் பிறகு இதை எதற்குப் பயன்படுத்தலாம்? பையன் ரகசிய அறை வேண்டும் என்கிறான். உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள்.

---

சும்மா ஒருவன், ஆகஸ்ட் 17, காலை 8.05

புதையல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இந்த இழையை அழித்துவிட்டு அமைதியாக இருங்கள்.

---

மொட்டைமாடி (திருவான்மியூர்), ஆகஸ்ட் 17, காலை 9.22

கொடுத்து வைத்தவர் நீங்கள். புதிதாக ஒரு சம்ப் தோண்டுவதற்கு இன்று ஆகும் செலவை விசாரித்துவிட்டு நான் அந்த ஆசையையே விட்டவள். யோசிக்க என்ன இருக்கிறது? மாடித் தண்ணீரைக் குழாய் வழியாக இதில் விடுங்கள், சிறிய மோட்டார் ஒன்றைப் போட்டுத் தோட்டத்துக்குப் பாய்ச்சுங்கள். மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

---

சுண்ணாம்புக்காரை, ஆகஸ்ட் 17, காலை 10.15

வேப்பமரத்து வீட்டுத் தம்பிக்கு: மற்ற எதையும் பிறகு பேசலாம். சனிக்கிழமை இறங்கும் எண்ணத்தை இந்த நிமிடமே கைவிடுங்கள். பையனை அந்தப் பக்கமே விடாதீர்கள். மூடியைத் திரும்பப் போட்டு அதன்மேல் கனமாக எதையாவது வையுங்கள்.

நான் முப்பத்திரண்டு ஆண்டு கட்டடப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தண்ணீர் சம்ப்புக்கு நடுவில் யாரும் குறுக்குச் சுவர் வைப்பதில்லை. சம்ப்பின் தரை ஒரு மூலைக்குச் சரிந்திருக்கும், அந்த மூலையில், மோட்டார் குழாயின் அடிமுனையில் மாட்டும் ஃபுட் வால்வ் உட்காரச் சின்னக் குழி இருக்கும். உங்களிடம் இரண்டு கேள்வி. தொட்டியின் இரு முனையிலும் சுவரைத் துளைத்து வரும் குழாய், உள்ளே வந்ததும் டி எழுத்துப் போல் மேலும் கீழும் பிரிகிறதா? பின்சுவர் ஓரம் பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில், தலையில் தொப்பி வைத்த குழாய் ஒன்று நிற்கிறதா?

---

வேப்பமரத்து வீடு, ஆகஸ்ட் 17, பகல் 1.50

ஐயா, இரண்டும் இருக்கின்றன. அந்தக் குழாயைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். காக்கை உட்காருவதற்கென்றே அப்பா நட்டது என்று சின்ன வயதில் நம்பியிருந்தேன்.

அம்மாவிடம் மறுபடி போய், “அது கழிப்பறைத் தொட்டியா?” என்று நேரடியாகக் கேட்டேன். “ஆமாம். காபி குடிக்கிற நேரத்தில் அதை எதற்குச் சொல்ல வேண்டும் என்றுதான் சொல்லவில்லை” என்றார்.

---

சும்மா ஒருவன், ஆகஸ்ட் 17, பகல் 2.02

புதையல் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

---

வேப்பமரத்து வீடு, ஆகஸ்ட் 17, மாலை 6.30

அப்பாவின் கோப்பைத் தேடி எடுத்தேன். வீட்டு வரி ரசீதுகளுக்கு நடுவே ஆலந்தூர் நகராட்சி ரசீது ஒன்று, துருப்பிடித்த குண்டூசியோடு. பாதாளச் சாக்கடைத் திட்ட வைப்புத்தொகை, 5,000 ரூபாய். அதன் பின்புறத்தில் அப்பாவின் கையெழுத்தில் பென்சிலால் “தொட்டி மூட வேண்டும்” என்று ஒரு வரி. மூடியிருக்கிறார், ஆனால் மேலே மட்டும்.

---

சுண்ணாம்புக்காரை, ஆகஸ்ட் 17, இரவு 8.10

அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள், தம்பி. வீட்டுக்கு 5,000, கடைக்கு 10,000 என்று மக்களிடமே முன்பணம் வாங்கிச் சாக்கடை போட்ட நகராட்சி ஆலந்தூர். நாடு முழுவதும் அதை எடுத்துக்காட்டாகப் பேசினார்கள். 2011இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. இணைப்புக் கிடைத்ததும் எல்லோரும் பழைய தொட்டியை மறந்தார்கள். காலி செய்து, உடைத்து, மண் நிரப்பியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். நங்கநல்லூரிலும் ஆதம்பாக்கத்திலும் பல வீட்டுத் தோட்டத்துக்கு அடியில் உங்களுடையதைப் போல ஒன்று இருக்கும். பலர் அதன்மேல் ஓடு பதித்துக் காரும் நிறுத்தியிருப்பார்கள்.

---

பாத்திகட்டி (கோபிசெட்டிபாளையம் பக்கம்), ஆகஸ்ட் 18, காலை 6.15

மூடி இருபது வருடம் ஆகிவிட்டது, எல்லாம் மண்ணாகப் போயிருக்கும். எங்கள் பக்கம் பழைய கிணற்றில் இறங்குவதற்கு முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். அணைந்தால் இறங்கக் கூடாது, எரிந்தால் இறங்கலாம். இந்தத் தொட்டியிலும் அப்படிப் பார்க்கலாமே.

---

சுண்ணாம்புக்காரை, ஆகஸ்ட் 18, காலை 7.45

பாத்திகட்டி ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த விளக்குச் சோதனையை நம்பி இறங்கியவர்களில் திரும்பி ஏறாதவர்களும் உண்டு. கிணற்றில் பிராணவாயு குறைந்திருந்தால் விளக்கு அணையும், அந்த மட்டுக்கும் சரி. மலத்தொட்டியில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு விளக்கை அணைக்கும் வேலை கிடையாது. ஆளைக் கொல்லும் அளவு இருந்தாலும் விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருக்கும். கூடவே மீத்தேன் இருந்தால் அந்த விளக்கே தொட்டியை வெடிக்க வைக்கும்.

நாற்றமில்லை என்று தம்பி எழுதியிருந்தது எனக்கு இன்னும் பெரிய கவலை. அழுகிய முட்டை நாற்றம் கொஞ்சமாக இருக்கும்போதுதான் தெரியும். அளவு ஏறினால் மூக்கின் நரம்பு மரத்துவிடும், எதுவுமே தெரியாது. அந்த வாயு காற்றைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். கறுப்புத் தண்ணீருக்கு அடியில் சேறு இருந்தால் அதற்குள்ளும் அடைபட்டிருக்கும். மேலிருந்து பார்க்கும்வரை அமைதியாக இருப்பது, கால் வைத்துக் கலக்கியதும் ஒரே மூச்சில் மேலே வரும்.

---

கொத்தனார் மகன் (வந்தவாசி), ஆகஸ்ட் 18, காலை 11.30

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இது மலத்தொட்டியோடு நிற்கும் ஆபத்து இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் புதிதாகக் கட்டிய குடிநீர்த் தொட்டி. ஒரு சொட்டுக் கழிவு அதில் போனதில்லை. மேல்தளம் போட்டு இருபது நாள் மூடியே கிடந்தது. சென்ட்ரிங் பலகை பிரிக்க ஒருவர் இறங்கினார். சத்தம் இல்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க இரண்டாமவர் இறங்கினார். என் அப்பா மூன்றாவதாகக் காலை உள்ளே வைத்தபோது யாரோ பின்னால் இருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். சட்டை கிழிந்தது, அப்பா பிழைத்தார். ஈரப் பலகையும் தேங்கிய தண்ணீரும் உள்ளே இருந்த பிராணவாயுவை உறிஞ்சிவிட்டன என்று பிறகு சொன்னார்கள்.

கிழிந்த சட்டையை அம்மா வெகு நாள் வைத்திருந்தார். ஒருவர் விழுந்தால் உதவிக்கு இன்னொருவர் இறங்காதீர்கள். மேலே நின்று கத்துங்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

---

மட்டுறுத்துநர், ஆகஸ்ட் 18, பகல் 12.10

இழையைப் புதிதாகத் திறப்பவர்களுக்காக இதை மேலே ஒட்டி வைக்கிறேன். பாதுகாப்புக் கருவிகளும் முன்னேற்பாடுகளும் இல்லாமல் மலத்தொட்டிக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இப்படி இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. கழிவுநீர் லாரி வேண்டுமானால் 14420 என்ற எண்ணில் அழைக்கலாம். ‘ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் இறங்க ஆள் இருக்கிறது’ என்பது போன்ற பதிவுகள் இந்தத் தளத்தில் நீக்கப்படும். நேற்று ஒன்றை நீக்கியிருக்கிறேன்.

---

முற்றம் (காரைக்குடி), ஆகஸ்ட் 18, மாலை 5.05

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் முற்றத்து ஓட்டில் விழும் மழைத் தண்ணீரைத் துணி கட்டி வடித்து அண்டாவில் பிடித்து வைப்பார்கள். சமையலுக்கும் குடிக்கவும் அதுதான். அகமதாபாத்தின் பழைய நகரத்தில், போள் என்னும் குறுகிய தெருக்களில் உள்ள வீடுகளில் முற்றத்துக்கு அடியிலேயே டாங்கா என்று தொட்டி கட்டி வைத்திருக்கிறார்கள், நானே எட்டிப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு தெளிவான தண்ணீர். அதனால் மழைநீர் சேமிப்புக்கு நான் முழு ஆதரவு. ஆனால் அவை நல்ல தண்ணீருக்கென்றே கட்டியவை. பதினாறு பதினேழு வருடம் மலம் ஊறிய செங்கல் சுவருக்குள் நிற்கும் தண்ணீரை என்னால் கையால் தொட முடியாது. உடைத்து மண் கொட்டி மூடுவதே நல்லது.

---

மொட்டைமாடி, ஆகஸ்ட் 18, மாலை 5.40

குடிக்கவா சொன்னேன்? மல்லிகைக்கும் தென்னைக்கும் ஊற்றுவதற்கு எதற்கு இவ்வளவு ஆசாரம்? அந்தத் தென்னை இத்தனை வருடம் எதைக் குடித்து வளர்ந்தது என்று நினைக்கிறீர்கள்?

---

சும்மா ஒருவன், ஆகஸ்ட் 18, மாலை 5.52

இளநீர் குடித்துக்கொண்டே இதைப் படித்தேன். நன்றி.

---

பாத்திகட்டி, ஆகஸ்ட் 18, இரவு 9.00

விளக்கு விஷயத்தில் ஐயா சொன்னதை ஏற்கிறேன். எங்கள் வீட்டிலும் இனி அந்தப் பழக்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் மழைநீர்த் தொட்டி யோசனையில் எனக்குக் கணக்கு இடிக்கிறது. சென்னையில் மழை கொட்டுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அப்போது செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? செடிக்குத் தண்ணீர் தேவைப்படும் ஏப்ரல், மே மாதத்தில் தொட்டியில் என்ன இருக்கும்?

---

சுண்ணாம்புக்காரை, ஆகஸ்ட் 19, காலை 8.20

நல்ல கேள்வி. போட்டுப் பார்ப்போம். தொட்டியின் உள்ளளவு 9 × 5 × 6, அதாவது 270 கன அடி. வெளியேறும் குழாயின் மட்டம் மேலிருந்து ஓர் அடி கீழே இருக்கும், ஆகவே 5 அடிதான் நிற்கும்: 225 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் சுமார் 6,370 லிட்டர். தம்பி வீட்டு மாடி 900 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம், 83.6 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆவியாவது, தெறிப்பது என்று 15 விழுக்காடு கழித்தால் மில்லிமீட்டருக்கு 71 லிட்டர் வரும். 90 மில்லிமீட்டர் பெய்தால் தொட்டி நிறைந்துவிடும். சென்னையில் வடகிழக்குப் பருவமழை ஒரே நாளில் இதைக் கொட்டுவது புதிதல்ல.

ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது, அதாவது இந்த மாடியில் மட்டும் ஒரு லட்சம் லிட்டர். தொட்டியில் நிற்பது அதில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. டிசம்பர் கடைசியில் நிறைந்து நின்றால், நாளைக்கு 100 லிட்டர் வீதம் மார்ச் தொடக்கம் வரை வரும். கோடைக்கு வராது, பாத்திகட்டி சொல்வது சரி.

ஆகவே தொட்டியை முடிவிடமாக நினைக்காதீர்கள். நிறைந்து வழிவது எங்கே போகிறது என்பதில்தான் லாபம் இருக்கிறது. வழிவதை ஓர் உறைகிணற்றுக்கு விட்டால், மீதித் தொண்ணூறாயிரம் லிட்டர் தெருவுக்கு ஓடாமல் நிலத்துக்குள் இறங்கும். 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அப்போது அவசரத்துக்குப் போட்ட ஜல்லிக் குழிகள் பலவும் இன்று சேறு அடைத்துச் செத்துக் கிடக்கின்றன. முன்னால் சேறு படிய ஒரு தொட்டி இல்லாததே காரணம்.

---

மொட்டைமாடி, ஆகஸ்ட் 19, காலை 9.10

உறைகிணறு எங்கள் திருவான்மியூர் மணலில் பிரமாதமாக வேலை செய்கிறது, ஊற்றினால் குடிக்கிறது. நங்கநல்லூரில் எப்படி?

---

சுண்ணாம்புக்காரை, ஆகஸ்ட் 19, காலை 9.45

மெதுவாகத்தான் குடிக்கும். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் அடியில் சார்னோகைட் பாறை. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்துதான் கல் போனது, பாறைக்கே அவர் பெயர் வந்துவிட்டது. எங்கே வெட்டினாலும் பாறை வரும் என்று பொருள் இல்லை, மேலே சில அடிகளுக்குச் சிதைந்த மண்ணும் களியும் இருக்கும். தோண்டும்போது பார்க்கலாம். மெதுவாகக் குடிக்கும் மண்ணுக்குத்தான் முன்னால் நிறுத்தி வைக்க ஒரு தொட்டி தேவை.

ஒன்று மறக்க வேண்டாம். பழைய மலத்தொட்டியின் அடியை உடைத்து, அதையே உறிஞ்சுகுழியாக்கும் யோசனையை யாராவது சொல்வார்கள். கூடாது. அடியில் படிந்ததெல்லாம் நேராக நிலத்தடி நீருக்குப் போகும். உறைகிணறு பழைய தொட்டியிலிருந்தும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும்.

---

கொத்தனார் மகன், ஆகஸ்ட் 19, இரவு 7.15

கணக்கெல்லாம் சரி. ஆனால் உள்ளே பூச்சு உரித்துப் புதிதாகப் பூச ஆள் இறங்கித்தானே ஆக வேண்டும்? இறங்கக் கூடாது என்று இவ்வளவு பேசிவிட்டு அதை எப்படிச் செய்வது?

அப்பாவிடம் கேட்டேன். அவர் பதில்: “மூடியைத் திறக்காதே, கூரையையே எடு.” இந்தப் பலகைகள் எப்படியும் உதவாது என்கிறார். மேலே பார்த்தால் கல் போல இருக்கும், திருப்பிப் போட்டால் அடியில் தவிடு போல உதிரும், கம்பி பென்சில் முனை அளவுக்கு இளைத்திருக்கும். ஐந்து பலகையையும் தூக்கிவிட்டால் தொட்டி வெறும் திறந்த குழி. வெயிலும் காற்றும் உள்ளே போகும்.

---

சுண்ணாம்புக்காரை, ஆகஸ்ட் 19, இரவு 8.00

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இரண்டு சிக்கலை ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிட்டார். பலகையின் அடி உதிர்வதும் அதே வாயுவின் வேலைதான். மேலெழும் ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பலகையின் அடி ஈரத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கந்தக அமிலமாக்கும், அது சிமென்ட்டைத் தின்னும். தண்ணீருக்குள் இருக்கும் சுவர் தப்பிக்கும், மேல்கூரைதான் போகும்.

தம்பி, முறை இதுதான். முதலில் லாரியை வைத்து உறிஞ்சி எடுங்கள். பலகைகளைச் சங்கிலி கட்டித் தூக்குங்கள், மேலே ஏறி நிற்காதீர்கள். வெளியே நின்றபடி அழுத்தத் தண்ணீர் அடித்துக் கழுவி, மறுபடி உறிஞ்சுங்கள். சுண்ணாம்பு நீர் தெளித்து மூன்று வாரம் திறந்தபடி காய விடுங்கள், சுற்றிலும் தடுப்புக் கட்டிவிட்டு. பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிடையும் சேர்த்துக் கொட்டாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். ஆள் இறங்கும் நாளன்று வாயு அளக்கும் கருவியை வாடகைக்கு எடுங்கள். பிராணவாயு 20.9 விழுக்காடு காட்ட வேண்டும், 19.5க்குக் கீழே என்றால் இறங்கக் கூடாது. இடுப்புப் பட்டையும் கயிறும் மேலே இரண்டு பேரும் இருக்கட்டும். திறந்த குழிதானே என்று சலிப்பு வரும், வந்தாலும் செய்யுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு சந்தேகம். இருபது ஆண்டு முன் இணைப்பைத் துண்டித்த தொட்டியில் ஒரு சாண் தண்ணீர் ஏன் நிற்கிறது? ஒவ்வொரு கழிப்பறையிலும் குளியலறையிலும் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை ஒரு வாளி ஊற்றி, தொட்டியில் நீலம் வருகிறதா என்று பாருங்கள்.

---

வேப்பமரத்து வீடு, ஆகஸ்ட் 24, காலை 10.30

நீலம் வந்தது!

கழிப்பறைகளிலிருந்து இல்லை. பின்கட்டில் துணி துவைக்கும் கல் இருக்கிறது, அதன் வடிகால். அப்பாவோ கொத்தனாரோ அதை மட்டும் மாற்ற மறந்திருக்கிறார்கள். ஊற்றி நான்கு நிமிடத்தில் டி குழாயின் வாயிலிருந்து நீலக் கோடு ஒன்று கறுப்புத் தண்ணீரில் நூல் போல இறங்கியது. இருபது வருடமாக எங்கள் வீட்டுச் சோப்புத் தண்ணீர் யாருக்கும் தெரியாமல் அங்கே போய், விரிசல் வழியாக வேம்புக்கும் தென்னைக்கும் கசிந்திருக்கிறது. பிளம்பர் வந்து அதைச் சாக்கடையோடு இணைத்துவிட்டார்.

---

காளான் ஆசை (மேடவாக்கம்), ஆகஸ்ட் 25, காலை 11.00

தாமதமாக வந்தேன். சிப்பிக் காளானுக்கு 80, 90 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும், குளுமை வேண்டும். நிலத்தடித் தொட்டி அதற்கென்றே அமைந்தது போல் இருக்கிறதே?

---

மொட்டைமாடி, ஆகஸ்ட் 25, பகல் 12.20

நான் காளான் வளர்த்துக் கைசுட்டவள். காளான் மூச்சு விடும், கரியமில வாயுவை வெளியிடும். காற்றோட்டம் இல்லாவிட்டால் காம்பு நீண்டு குடை விரியாமல் போகும். தினமும் இரண்டு முறை தண்ணீர் தெளிக்க நீங்கள் அந்தக் குழிக்குள் இறங்க வேண்டும். இவ்வளவு பேசியும் மறுபடி ஆளை இறக்கும் யோசனையா? தோட்டத்தில் ஒரு தென்னங்கீற்றுக் கொட்டகை போதும்.

---

முற்றம், ஆகஸ்ட் 25, மாலை 4.00

மண் போட்டு மூடுங்கள் என்று சொன்னவள் நான். இன்னும் அதே கருத்துதான், ஆனால் எப்படி மூடுவது என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் ஒரு வீட்டில் கட்டட இடிபாட்டை அப்படியே கொட்டி மூடினார்கள். மூன்றாம் வருடம் தரை உள்வாங்கிப் பள்ளமாகிவிட்டது.

---

சுண்ணாம்புக்காரை, ஆகஸ்ட் 25, மாலை 5.30

மூடுவதும் மரியாதையான வழிதான், அம்மா. பயன்படுத்தும் எண்ணமில்லாதவர்கள் அதையே செய்ய வேண்டும். உறிஞ்சிக் கழுவிய பிறகு, மேலே நின்று அடித்தளத்தில் நாலைந்து ஓட்டை போட வேண்டும். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே தேங்கி மண் சகதியாகும். பிறகு மணலை ஓர் அடி ஓர் அடியாகக் கொட்டித் தண்ணீர் விட்டுப் படிய வைக்க வேண்டும். மரத்துண்டும் சாக்கும் போட்டால் அவை மக்கும்போது தரை இறங்கும். உங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

ஓட்டை போட்டால் மிச்சமிருக்கும் அழுக்கு நிலத்தடிக்குப் போகாதா என்று கேட்பீர்கள். அதனால்தான் கழுவுவது முதலில். உறிஞ்சுகுழியாக்கினால் மாடித் தண்ணீர் முழுவதும் அதன் வழியாக ஆண்டுதோறும் இறங்கும், மூடினால் மேலே விழும் தூறல் மட்டும்.

---

பாத்திகட்டி, ஆகஸ்ட் 25, இரவு 8.45

காலியாக வைத்தால் இன்னோர் ஆபத்து. என் மாமா வீட்டுப் பிளாஸ்டிக் தொட்டி வெள்ளத்தில் முளைத்தது போல மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்தது.

---

சுண்ணாம்புக்காரை, ஆகஸ்ட் 25, இரவு 9.15

செங்கல் தொட்டி கனம், அசையாது என்று நானும் ஒரு காலத்தில் நம்பியவன். இந்தத் தொட்டியின் வெளியளவு, ஒன்பது அங்குலச் சுவரோடு சேர்த்து, சுமார் 13 கன மீட்டர். நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கு வந்தால் 13 டன் மேலே தள்ளும். கட்டுமானத்தின் எடை ஏறக்குறைய 11 டன்தான். சுற்றியுள்ள மண்ணின் பிடிதான் காப்பாற்றுகிறது. அப்படியும் அடித்தளம் விரிசல் விடலாம். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் நங்கநல்லூர்ப் பக்கம் நீர்மட்டம் எங்கே இருந்தது என்பதைத் தம்பி அறிவார். மழைக்காலத்தில் தொட்டியைக் காலியாக விடாதீர்கள்.

---

மொட்டைமாடி, ஆகஸ்ட் 26, காலை 7.00

கொசுவை யாரும் பேசவில்லை. சென்னையின் மலேரியாக் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை, கிணற்றிலும் தொட்டியிலும் நிற்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மூடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் போதும். அந்தக் காக்கைக் குழாயின் வாயிலும் வழிகுழாயின் வாயிலும் மெல்லிய வலை கட்டுங்கள். கொசுப்புழுவைத் தின்னக் கப்பி மீன் விடலாம் என்பார்கள், மூடிய இருட்டுத் தொட்டியில் அதை நம்ப மாட்டேன்.

இன்னொன்று. முதல் இரண்டு வருடம் அந்தத் தண்ணீரைக் கீரைக்கும் கொத்தமல்லிக்கும் விடாதீர்கள். குடற்புழு முட்டை மண்ணிலும் சேற்றிலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மல்லிகை, தென்னை, வேம்பு போதும்.

---

வேப்பமரத்து வீடு, அக்டோபர் 20, இரவு 9.40

இரண்டு மாதம் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். வேலை முடிந்தது, சொல்கிறேன்.

லாரி இரண்டு முறை வந்தது. சேறு நான் நினைத்ததைவிடக் குறைவு, ஒன்றரை அடி. பலகைகளைத் தூக்கித் திருப்பியபோது கொத்தனார் மகனின் அப்பா சொன்னது அப்படியே இருந்தது. வளையம் வைத்திருந்த பலகையின் அடியில் கட்டைவிரலால் அழுத்தினேன், மாவு போல விட்டுக்கொடுத்தது. அன்று நெம்பித் திறந்தபோது அதன்மேல் ஒரு காலை ஊன்றி நின்றவன் நான்.

மூன்று வாரம் வெயிலில் கிடந்தது. பூச வந்த மேஸ்திரி கயிற்றையும் கருவியையும் பார்த்துச் சிரித்தார். கருவி 20.8 காட்டியபின் இறங்கினார். இரண்டாம் நாள் அவரே, “அந்தப் பெட்டியை எடுத்து வாருங்கள்” என்று கேட்டார்.

குறுக்குச் சுவரை இடிக்கத்தான் நினைத்திருந்தேன். வேண்டாம் என்று சுண்ணாம்புக்காரை ஐயா தொலைபேசியில் தடுத்தார். மாடித் தண்ணீர் முதல் அறையில் விழுந்து மண் படிகிறது, தெளிந்தது சுவரின் ஓட்டை வழியாக இரண்டாம் அறைக்குப் போகிறது, மோட்டார் அங்கே. வழிகுழாயில் இருந்த டி குழாய்க்குப் பதில் புது டி வைத்தோம், மிதக்கும் வேப்பஞ்சருகு அதன் வாய்க்குள் போவதில்லை. மலத்துக்கென்று கட்டிய அமைப்பு மழைத் தண்ணீருக்கும் அப்படியே பொருந்திவிட்டது. வழிவது முன்வாசல் ஓரம் போட்ட உறைகிணற்றுக்குப் போகிறது, பன்னிரண்டு அடி. ஒன்பதாவது அடியில் பாறை தட்டியது, மூன்று அடிக்கு மேஸ்திரி முணுமுணுத்தார்.

முந்தாநாள் இரவு நல்ல மழை. முதல் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுக் குழாயைத் திருப்பினேன். விடியற்காலையில் மூங்கில் கழியை விட்டுப் பார்த்தால் 3 அடி 2 அங்குலம். அம்மா குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஒரு குவளை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “மல்லிகைக்குப் பரவாயில்லை” என்றார். பையன் இன்னும் ரகசிய அறைக்காகக் கோபமாக இருக்கிறான்.

எதிர் வீட்டுக்காரர் தினமும் வந்து வேடிக்கை பார்த்தவர். நேற்று அவர் வீட்டுப் பின்சுவரிலும் தொப்பி வைத்த குழாய் ஒன்று இருப்பதைக் காட்டினேன். இப்போது கார் நிறுத்துமிடத்து ஓடுகளைச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

---

சுண்ணாம்புக்காரை, அக்டோபர் 20, இரவு 9.48

தட்டுவதற்கு முன் காரை எடுக்கச் சொல்லுங்கள், தம்பி.